களம் கழிப்பதா, நீக்குவதா, விலக்குவதா?

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், திருச்சி

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலே என்னும் சண்டை ஆட்டத்தின் போட்டி விதிகளைத் தமிழில் எழுதித் தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை இரவுக்குள் அனுப்பியாக வேண்டும். ஆளுக்கு நான்கு உயிர், ஆட்டத்திற்கு எட்டு நிமிடம் என்பன போன்ற விதிகள் விரைவில் முடிந்தன. ஆடும் இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற பகுதியில் மூன்று நாள்களாக நிற்கிறேன்.

செய்முறை இதுதான். 2001இல் நின்டெண்டோ வெளியிட்ட அந்த ஆட்டத்தில் ஸ்டேஜ் எனப்படும் 29 இடங்கள் உள்ளன. அமிலம் பொங்கி ஏறுவது, தரையே நகர்ந்துகொண்டிருப்பது எனப் பலவற்றில் திறமைக்குத் தொடர்பில்லாத குறுக்கீடுகள் இருப்பதால், போட்டி நடத்துவோர் ஆறு இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அடியோடு விட்டுவிட்டார்கள். அந்த ஆறில் ஐந்து, முதல் ஆட்டத்திற்கு உரியவை. கல், தாள், கத்தரி போட்டு யார் தொடங்குவது என்று முடிவானபின், முதலாமவர் ஐந்தில் ஒன்றை ஸ்டிரைக் செய்கிறார், இரண்டாமவர் இரண்டை, மீண்டும் முதலாமவர் ஒன்றை. எஞ்சி நிற்பதில் ஆட்டம் நடக்கிறது. இரண்டாம் ஆட்டத்திலிருந்து முறை மாறுகிறது: வென்றவர் ஓர் இடத்தை பேன் செய்ய, தோற்றவர் மற்றவற்றுள் தமக்கு உகந்ததைக் கவுன்டர்பிக் செய்கிறார்.

எல்லாவற்றுக்கும் "தடை" என்றே எழுதிப் பார்த்தேன். "தடைசெய்யப்படாத இடங்களுள் ஒன்றைத் தடைசெய்தபின்" என்று ஒரு தொடர் வந்து நின்றது. எழுதிய எனக்கே அது யார் செய்த தடை என்று விளங்கவில்லை. இடம், ஸ்டிரைக், பேன், கவுன்டர்பிக் ஆகிய நான்கிற்கும் சொல் தந்து உதவுங்கள்.

*

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

அன்பு மகளுக்கு,

ஸ்டேஜ் என்பதற்கு "அரங்கு" என்ற சொல்லை இரண்டாயிரம் ஆண்டுகளாக வைத்திருக்கிறோம். அரங்கில்லாமல் வட்டாடுவது போன்றது நூலறிவில்லாமல் அவையில் பேசுவது என்கிறது 401ஆம் குறள். வட்டாடுவதற்குக் கட்டமிட்டு வரைந்த இடமே அங்கு அரங்கு என்பது உரைகாரர் கொள்கை. ஆகவே அது நாடகத்திற்கு மட்டும் உரிய சொல்லன்று. ஆட்டத்திற்கும் உரிய சொல்.

இன்னொன்றும் உண்டு. ஆற்றின் நடுவே நீர் சூழ்ந்து நிற்கும் திட்டுக்கும் அரங்கம் என்று பெயர். திருவரங்கம் அவ்வாறே பெயர் பெற்றது. தாங்கள் சொல்லும் ஆட்டத்தின் படங்களைப் பேரன் காட்டினான். நாற்புறமும் வெறுவெளியாக, நடுவில் மிதக்கும் ஒரு திட்டின்மேல் நின்று சண்டையிடுகிறார்கள். வெளியே தூக்கி எறியப்பட்டால் உயிர் போகிறது. இதனினும் பொருந்தும் சொல் வேறில்லை. பேன் என்பதற்கு "விலக்கு" போதும். மதுவிலக்கு என்ற சொல்லை அறியாத தமிழர் இல்லை.

*

அனுப்புநர்: ஆட்டக்காரர், சென்னை

புலவர் ஐயாவுக்கு வணக்கம். அரங்கு அழகான சொல். ஆனால் இன்று அரங்கு என்றால் போட்டி நடக்கும் மண்டபத்தைத்தான் எவரும் நினைப்பார்கள். "அரங்கில் அரங்கு தேர்ந்தெடுக்கப்பட்டது" என்று எழுதும் நிலை வரும். மேடையும் ஆகாது. இந்த ஆட்டத்தில் தரைக்கு மேலே சிறு சிறு தட்டுகள் மிதக்கின்றன. அவற்றைத்தான் நாங்கள் மேடை என்று சொல்லிப் பழகிவிட்டோம். பேட்டில்ஃபீல்டில் மூன்று, போகிமான் ஸ்டேடியத்தில் இரண்டு, ஃபைனல் டெஸ்டினேஷனில் ஒன்றுகூட இல்லை. இடங்களைப் பிரித்தறிவதே பெரிதும் இந்த எண்ணிக்கையால்தான். எனவே இடத்துக்குக் "களம்" என்று வைத்துக்கொள்வோம்.

ஸ்டிரைக்கையும் பேனையும் ஏன் பிரிக்க வேண்டும் என்று சிலர் தனிமடலில் கேட்டார்கள். உட்கார்ந்து ஆடினால் தெரியும். நான் ஆடும் பாத்திரம் மார்த், எதிரில் இருப்பவருடையது ஃபாக்ஸ் என்று கொள்ளுங்கள். ஃபைனல் டெஸ்டினேஷனில் நான் அவரை ஒருமுறை பிடித்து மேலே எறிந்தால், அவர் விழும் இடத்தில் நின்று மறுபடி பிடிக்கலாம், மறுபடி எறியலாம். தலைக்கு மேல் தட்டு இருந்தால் அதில் இறங்கித் தப்பிவிடுவார்; அங்கே தட்டே இல்லை. ஆகவே அவர் வாய் திறந்ததும் ஸ்டிரைக் செய்யும் முதல் களம் அதுதான். யோஷிஸ் ஸ்டோரியோ மிகச் சிறியது. ஓரத்தில் ஒரு மேகம் இருபது விநாடிக்கு ஒருமுறை சுற்றி வரும். திரையின் கடிகாரத்தைப் பார்த்தே அது எங்கே இருக்கும் என்று கணக்கிட்டு, விழுகிற நேரத்தில் அதன்மேல் இறங்குபவர்கள் உண்டு. இப்படி ஒவ்வொரு களத்துக்கும் ஒரு சாய்வு உண்டு. இருவரும் தமக்குப் பாதகமானவற்றை மாறி மாறி எடுத்துவிட்டு, இருவரும் பொறுத்துக்கொள்ளக்கூடிய ஒன்றுக்கு வந்து சேர்வதே ஸ்டிரைக். இரண்டாமவருக்கு ஒரே மூச்சில் இரண்டு கொடுப்பது, கடைசிச் சொல்லைத் தொடங்கியவரிடமே விடுவதற்காக.

பேன் அப்படியன்று. அது வென்றவர் தம்மைக் காத்துக்கொள்ள எழுப்பும் ஒற்றைச் சுவர். மூன்றில் இரண்டு வெல்லும் சுற்றில் உண்டு, ஐந்தில் மூன்று வெல்லும் சுற்றில் பெரும்பாலும் இல்லை. நடத்துவோர் செய்வது மூன்றாவது வகை. ஹைரூல் டெம்பிள் அவ்வளவு பெரிது. ஃபாக்ஸ் ஓர் அடி முன்னிலை பெற்றுவிட்டுக் குகையைச் சுற்றிச் சுற்றி ஓடினால் எட்டு நிமிடமும் தீர்ந்துவிடும், பிடிக்க முடியாது. அந்தக் களம் எந்தச் சுற்றிலும் திரும்பி வராது. ஆங்கிலத்தில் இதையும் பேன் என்கிறார்கள், அதையும் பேன் என்கிறார்கள். அந்தக் குழப்பத்தையும் சேர்த்து நாம் ஏன் மொழிபெயர்க்க வேண்டும்? யார் எடுக்கிறார், எவ்வளவு நேரத்துக்கு எடுக்கிறார் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும்.

என் பரிந்துரை: நடத்துவோருடையது தடை, வென்றவருடையது விலக்கு, ஸ்டிரைக் என்பது கழித்தல். ஐந்தில் நான்கைக் கழித்தால் ஒன்று எஞ்சும் என்பது இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

*

அனுப்புநர்: ஆசிரியர், யாழ்ப்பாணம்

சகோதரிக்கும் தம்பிக்கும் வணக்கம்.

கவுன்டர்பிக்குக்கு எவரும் இன்னும் சொல் தரவில்லை. "எதிர்த்தேர்வு" என்று தமிழ்நாட்டில் எழுதுவீர்கள் என்று நினைக்கிறேன். எங்களுக்கு அது பரீட்சை போலவே கேட்கிறது. "மறுதேர்வு" என்றால் உங்களுக்கே பரீட்சைதான். நாங்கள் தெரிவுசெய்தல் என்கிறோம். வள்ளுவரின் "தெரிந்துவினையாடல்" அதிகாரத்திலும் அந்த வேரே இருக்கிறது. "எதிர்த்தெரிவு" என்று வைத்தால் இரு கரையிலும் விளங்கும்.

கழித்தலில் எனக்கு உடன்பாடில்லை. வினையாக இருக்கும்வரை தாழ்வில்லை. பெயராக்கிக் "களக்கழிப்பு", "களக்கழிவு" என்று எவராவது எழுதியதும் கழிப்பறையும் கழிவுநீரும் முன்னே வந்து நிற்கும். "ஒதுக்கு" என்று முதலில் நினைத்தேன். ஆனால் இட ஒதுக்கீடு என்ற சொல் வழக்கூன்றிவிட்டதால், "கள ஒதுக்கீடு" என்பதைக் களத்தைக் கொடுப்பதாகவே படிப்பார்கள்.

*

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

தெரிவுக்கு என் வாழ்த்து. களத்தையும் ஒருவாறு ஏற்கிறேன், ஒரு காரணத்தால். தும்பைத் திணையில் வேந்தர் இருவரும் மண்ணுக்காகவோ ஆநிரைக்காகவோ அன்றி, வலிமையை நிலைநாட்டுவதற்காகவே களத்தில் எதிர்நின்று பொருகிறார்கள். பொருளின்றி வலிமை ஒன்றையே நோக்கிய போர் என்பதால் இந்த ஆட்டத்தைத் "தும்பையாட்டம்" என்றே அழைக்கலாம். களத்தைத் "தும்பைக்களம்" எனலாம். தம்பி சொன்ன மார்த், ஃபாக்ஸ் கதையைப் படித்தபோது "இடனறிதல்" அதிகாரத்து முதலைதான் நினைவுக்கு வந்தது: ஆழ்ந்த நீரில் பிறவற்றை வெல்லும் முதலையை, நீரை விட்டு நீங்கினால் பிற வெல்லும். எதிர்த்தெரிவு என்பது எதிரியை நீரிலிருந்து கரைக்கு இழுப்பதே அல்லவா?

ஸ்டிரைக்குக்குக் "களைதல்" என்று ஏன் வைக்கக்கூடாது? களம் களைதல் என்பதில் மோனையும் அமைகிறது.

*

அனுப்புநர்: மெய்ப்புத் திருத்துநர், மதுரை

ஐயா, களை என்பது பயிருக்குக் கேடு செய்வது. பிடுங்கினால் மீண்டும் நடுவதில்லை. இங்கே எடுக்கப்படும் களமோ நல்ல களம், அடுத்த சுற்றில் அதிலேயே ஆடுவார்கள். தும்பையைக் குறித்து ஒன்றே ஒன்று: படிப்பவர் அகராதியைத் திறக்க நேர்ந்தால் அது விதிப்புத்தகமாகாது.

விலக்கைப் பற்றி எச்சரிக்க விரும்புகிறேன். மதுவிலக்கில் அது தடை. வரிவிலக்கில் அது சலுகை. மேலும் "களவிலக்கு" என்று சேர்த்து எழுதிப் பாருங்கள். களம், விலக்கு என்று பிரிப்பவர் பிரிப்பார். களவு, இலக்கு என்று பிரிப்பவரையும் தவறென்று சொல்ல முடியாது. முற்றியலுகரமும் சில இடங்களில் உயிர் வரும்போது மெய்யை விட்டு ஓடும் என்பது நன்னூல் விதி. சேர்த்தே எழுதக்கூடாது, "கள விலக்கு" என்று இடம் விட்டு எழுத வேண்டும் என்று குறிப்பு எழுதினால், அச்சுக்கோப்பவர் அதைக் காக்கமாட்டார். முப்பது ஆண்டுகளாகப் பார்த்துவிட்டேன்.

வென்றவர் செய்வது ஓர் ஆட்டத்துக்கு மட்டும் என்றால், அலுவலகங்களில் வழங்கும் "இடைநீக்கம்" நன்றாகப் பொருந்தும். அதனோடு ஒத்து ஸ்டிரைக் "நீக்கம்" ஆகலாம். வாக்காளர் பட்டியலில் பெயர் நீக்கம் என்பது எல்லோரும் அறிந்ததே.

*

அனுப்புநர்: ஆட்டக்காரர், சென்னை

இடைநீக்கம் என்றால் களம் குற்றம் செய்து விசாரணையில் இருப்பது போலத் தோன்றுகிறது. எனக்கு விலக்கே சரி. "களம் விலக்கல்" என்று வினையாக எழுதினால் களவும் வராது, இலக்கும் வராது. நீக்கம் பரவாயில்லை, ஆனால் கழித்தலில் இருக்கும் கணக்கு அதில் இல்லை. இதே வரிசையில் 2018இல் வந்த அல்டிமேட் ஆட்டத்திற்குச் சில போட்டிகளில் ஒன்பது களம் வைக்கிறார்கள். ஒருவர் மூன்றை எடுக்க, மற்றவர் நான்கை எடுக்க, எஞ்சிய இரண்டில் முதலாமவர் ஒன்றைத் தெரிவு செய்கிறார். அந்த மூன்று-நான்கு-ஒன்று என்ற முறையை நீக்கம் என்ற சொல்லால் விளக்கும்போது விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கிறது. கழித்தல் என்றால் எண்ணிக்கை சொல்லிலேயே இருக்கிறது.

*

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், திருச்சி

அனைவருக்கும் நன்றி. வெள்ளி மாலை ஆகிவிட்டது. எழுதியவர்களுள் பெரும்பாலோர் ஏற்றதைக் கொண்டு இவ்வாறு முடித்திருக்கிறேன்:

"நடத்துவோர் தடைசெய்த களங்களில் எந்த ஆட்டமும் நடைபெறாது. முதல் ஆட்டத்திற்கு, ஐந்து தொடக்கக் களங்களுள் முதலாமவர் ஒன்றையும், இரண்டாமவர் இரண்டையும், மீண்டும் முதலாமவர் ஒன்றையும் நீக்குவர். எஞ்சிய களத்தில் ஆடுவர். அடுத்துவரும் ஆட்டங்களில், முந்தைய ஆட்டத்தில் வென்றவர் ஒரு களத்தை விலக்கியபின், தோற்றவர் மற்றவற்றுள் ஒன்றை எதிர்த்தெரிவு செய்வார். ஒருவர் தாம் ஏற்கெனவே வென்ற களத்தை அதே சுற்றில் மீண்டும் எதிர்த்தெரிவு செய்யலாகாது."

கடைசி விதி ஆங்கிலத்தில் டேவ் என்பவர் பெயரால் வழங்குகிறது. பெயரை விட்டு விதியை மட்டும் எழுதினேன். கழித்தலைக் கைவிட்டதில் எனக்கே முழு நிறைவில்லை, தம்பி. ஆனால் திருத்துநர் அம்மாவும் யாழ்ப்பாணத்து அண்ணாவும் ஒரே பக்கம் நின்றதால் நீக்கலை வைத்தேன்.

*

அனுப்புநர்: ஆட்டக்காரர், சென்னை

அக்கா, நன்றாக வந்திருக்கிறது. என் மாறுபட்ட கருத்தைக் குழும ஆவணத்தில் பதிந்துவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். இன்னும் ஒன்று தீரவில்லை. ஃபவுண்டன் ஆஃப் ட்ரீம்ஸ் ஒற்றையர் ஆட்டத்தில் தொடக்கக் களம். இரட்டையர் ஆட்டத்தில் நான்கு பேர் இறங்கியதும் ஆட்டம் மந்தமாகிவிடுவதால் அதை நடத்துவோர் சேர்ப்பதில்லை. உங்கள் வரைவில் "எந்த ஆட்டமும் நடைபெறாது" என்று இருக்கிறது. இதைத் தடை என்று எழுதினால் அந்தத் தொடர் பொய்யாகும். விலக்கு என்றால் வென்றவர் செய்ததாகும். இதற்கு என்ன சொல்?

*

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

நாளைக் காலை எழுதுகிறேன், தம்பி. அதுவரை அரங்கு என்ற சொல்லை அடிக்குறிப்பிலாவது இடுமாறு மகளைக் கேட்டுக்கொள்கிறேன்.