வெளிவராத உபுண்டுவில் பக் பிடிப்பவர்கள்: அனுபவப் பகிர்வு

லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவின் புதிய பதிப்பு ஏப்ரலிலும் அக்டோபரிலும் வருகிறது. அதற்கு முந்தைய மாதங்களில் தினசரி ஐஎஸ்ஓவை (நிறுவல் கோப்பை) போட்டுப் பார்ப்பவர்கள் அனுப்பும் ரிப்போர்ட்களில் அடிக்கடி தென்படுவது ஒரே வரிதான்: 'அப்டேட் செய்தேன், செட்டிங்ஸ் திறக்கவில்லை.' இதை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது. எந்தப் பதிப்பு, எந்த பட்டனை அழுத்தியபோது, திறக்கவே இல்லையா அல்லது திறந்து மூடியதா என்று எதுவுமே அதில் கிடையாது.

புரோகிராம் கிராஷ் ஆனதும் ஆப்போர்ட் கருவி /வார்/கிராஷ் அடைவில் ஒரு கோப்பை எழுதி வைக்கும். அந்த நொடியில் புரோகிராமின் நினைவகத்தில் இருந்தவற்றின் நகல் (கோர் டம்ப்) அதற்குள் இருக்கும். டெர்மினலில் 'உபுண்டு-பக்' என்று அடித்து, இடைவெளி விட்டு, கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்தால் உபுண்டுவின் பக் பதிவுத் தளமான லாஞ்ச்பேட் பக்கம் தானே திறக்கும். கிராஷ் இல்லாமல் தப்பாக மட்டும் நடந்துகொள்கிறது என்றால் கோப்புக்குப் பதிலாகப் பேக்கேஜின் பெயர். கையால் படிவம் நிரப்பி அனுப்பினால் பதிப்பு விவரம், வன்பொருள் விவரம் எதுவும் கூடவே போகாது. 'ஆப்போர்ட்-கலெக்ட் ஓட்டுங்கள்' என்ற பதில்தான் வரும்.

அன்றைக்கே அனுப்ப வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. கோர் டம்பைப் படிக்கக்கூடிய ஸ்டாக் டிரேஸாக (நிரலின் எந்த இடத்தில் விழுந்தது என்ற பட்டியலாக) மாற்றும் ரோபோவுக்கு, கிராஷ் ஆன அதே பதிப்பின் டீபக் சிம்பல்கள் (நினைவக முகவரியை நிரல் வரியோடு பொருத்தும் தகவல்) வேண்டும். டெவலப்மென்ட் கிளையில், அதாவது வெளிவராத பதிப்பில், பேக்கேஜ் நாளைக்கே மாறிவிடலாம். பழைய கோப்பை ஒரு வாரம் கழித்து அனுப்பினால், காலாவதியான பேக்கேஜ்கள் இருக்கின்றன என்று ஆப்போர்ட்டே திருப்பி அனுப்பிவிடும்.

கிராஷ் ரிப்போர்ட் முதலில் பிரைவேட்டாகவே இருக்கும். பொதுவாக்குவதற்கு முன்னால் ஸ்டாக் டிரேஸை ஒருமுறை கண்ணால் ஓட்டுங்கள். பாஸ்வேர்டு எழுத்து எழுத்தாக அதில் கிடக்க வாய்ப்பு உண்டு.

* * *

கிராஷ் ஆனால் கோப்பாவது மிஞ்சும். அப்படியே உறைந்துபோனால் என்ன செய்வது?

பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதோடு ஆதாரமும் போய்விடும். கணினியின் பதிவேடான சிஸ்டம்டி ஜர்னல் சாதாரணச் செய்திகளை 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் வட்டில் உறுதியாக எழுதுகிறது. மிகக் கடுமையான பிழைகள் மட்டுமே உடனே போகும். மின்சாரத்தைப் பிடுங்கினால் தேவையான கடைசி வரிகள் எழுதப்படாமலே போகலாம்.

முதலில் கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3. கறுப்புத் திரையில் லாகின் கேட்டால் கர்னல் (இயங்குதளத்தின் மையக் கரு) நலமாக இருக்கிறது, க்னோம் ஷெல்தான் (டெஸ்க்டாப் திரைதான்) மாட்டிக்கொண்டது. திரை மாறவில்லை என்றால் இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து லாகின் செய்யும் முறை) வழியாக நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்தால் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவர் பக்கம். உபுண்டு டெஸ்க்டாப்பில் எஸ்எஸ்ஹெச் சர்வர் தானாக வராது என்பதால் சோதனைக் கணினியில் அதை முன்பே போட்டு வைக்க வேண்டும்.

அதுவும் நடக்கவில்லை என்றால் சிஸ்ரிக், அதாவது கர்னலுக்கே நேராகக் கட்டளை கொடுக்கும் விசை (பெரும்பாலும் பிரிண்ட் ஸ்கிரீன் விசைதான்). இணையத்தில் எல்லா இடத்திலும் ஆறெழுத்து மந்திரம் (ஆர்-இ-ஐ-எஸ்-யூ-பி) ஒன்று சொல்வார்கள். உபுண்டுவில் அது முழுதாக வேலை செய்யாது. இங்கே சிஸ்ரிக்கின் இயல்பு மதிப்பு 176, அதாவது 128+32+16. அந்த ஆறில் அனுமதி உள்ளவை மூன்று மட்டும்: வட்டுக்கு எழுது (எஸ்), படிக்க மட்டும் என்று மாற்று (யூ), மறுதொடக்கம் செய் (பி). ஆல்ட்டையும் சிஸ்ரிக் விசையையும் பிடித்துக்கொண்டு எஸ், யூ, பி என ஓரிரு நொடி இடைவெளியில் அழுத்தினால் போதும்.

திரும்ப வந்ததும் ஜர்னல்சிடிஎல் கட்டளையோடு மைனஸ் பி, மைனஸ் 1 கொடுத்தால் முந்தைய பூட்டின் பதிவு வரும். மைனஸ் கே சேர்த்தால் கர்னல் செய்திகள் மட்டும். அதைக் கோப்பாக்கி இணையுங்கள், ஸ்கிரீன்ஷாட்டாக வேண்டாம். ஸ்கிரீன்ஷாட்டில் தேட முடியாது. வைஃபை பெயர், ஹோஸ்ட்நேம், மேக் முகவரி எல்லாம் பதிவில் இருக்கும், வேண்டுமானால் மறைத்துக்கொள்ளலாம். நேர முத்திரைகளில் மட்டும் கை வைக்காதீர்கள்.

பழைய கர்னலில் சரியாக இருந்ததா என்பது கர்னல் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி. கணினி தொடங்கும்போது வரும் க்ரப் மெனுவின் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பகுதியில் முந்தைய கர்னல் காத்துக்கொண்டிருக்கும், அதில் பூட் செய்தால் இரண்டே நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும். இரண்டு கர்னல்களுக்கு நடுவே 1,000 மாற்றங்கள் இருந்தாலும் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் 10 சுற்றில் குற்றவாளி அகப்படும். ஆனால் என்விடியாவின் மூடிய டிரைவர் ஏற்றப்பட்டிருந்தால் கர்னல் தன்னை 'டெயின்டட்' என்று குறித்துக்கொள்ளும். அந்த நிலையில் எடுத்த பதிவைக் கர்னலை எழுதும் மூலக் குழுவினர் பெரும்பாலும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

* * *

எந்தப் பேக்கேஜ் மேல் போடுவது என்பதில்தான் நிறைய ரிப்போர்ட் வீணாகிறது. விண்டோ நடுங்கினால் க்னோம் ஷெல் மேல் போடுகிறார்கள். அது ஷெல்லாக இருக்கலாம், விண்டோக்களை நிர்வகிக்கும் மட்டராக இருக்கலாம், கிராஃபிக்ஸ் லைப்ரரியான மெசாவாக இருக்கலாம், ஒரு எக்ஸ்டென்ஷனாகவும் இருக்கலாம். புதிதாக ஒரு யூசர் கணக்கு உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். அங்கே வரவில்லை என்றால் கோளாறு பழைய ஹோம் அடைவின் அமைப்புகளிலோ எக்ஸ்டென்ஷனிலோ இருக்கிறது. அங்கேயும் வந்தால் /வார்/லாக்/ஆப்ட் அடைவில் உள்ள ஹிஸ்டரி கோப்பைத் திறங்கள். நேற்று எது எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு ஏறியது என்று தேதி, நேரத்தோடு இருக்கும். 'மட்டர் ஏறிய பிறகு வருகிறது, பழைய பதிப்பை இறக்கிப் போட்டால் போய்விடுகிறது' என்ற ஒரு வரிக்கு இருக்கும் மதிப்பு இருபது ஸ்கிரீன்ஷாட்டுக்குக் கிடையாது.

டெவலப்மென்ட் கிளையில் 'ப்ரபோஸ்டு' களஞ்சியத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பக் தேடுவது வேண்டாத வேலை. தானியங்கிச் சோதனையில் இன்னும் தேறாத பேக்கேஜ்கள் நிற்கும் இடம் அது. முழு அப்கிரேடு 'உபுண்டு-டெஸ்க்டாப் நீக்கப்படும்' என்று கேட்டால் 'என்' அழுத்திவிட்டு நாளை பாருங்கள். 2024 தொடக்கத்தில் 64-பிட் நேரக் கணக்குக்கு மாறியபோது நூற்றுக்கணக்கான லைப்ரரிகளுக்குப் பெயர்களே மாறி, பெயரின் ஈற்றில் 't64' ஒட்டிக்கொண்டது. அந்த வாரங்களில் அப்கிரேடு செய்யத் துணிந்தவர்களில் சிலர் டெஸ்க்டாப்பையே இழக்க நேர்ந்தது. அதெல்லாம் பக் இல்லை, பாதிக் கட்டிய வீட்டுக்குள் குடிபோவது.

விர்ச்சுவல் மெஷினில் சோதிப்பது வீண் என்று ஒரு பேச்சு உண்டு, ஏற்க முடியாது. கிராஃபிக்ஸ், சஸ்பெண்ட், ப்ளூடூத் அதில் தேறாது, சரி. இன்ஸ்டாலருக்கு அதைவிட வசதி வேறில்லை: வட்டை அழி, ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பு, மறுபடி ஓட்டு. இன்ஸ்டால் பாதியில் நின்றால் ரீபூட் செய்யாமல் /வார்/லாக்/இன்ஸ்டாலர் அடைவை வேறு வட்டுக்கு நகலெடுங்கள். லைவ் செஷன் ரேமில் ஓடுகிறது, அணைத்தால் பதிவும் சேர்ந்து போய்விடும். ஐஎஸ்ஓவின் தேதியையும், அதன் ஷா256 (கோப்பு பழுதில்லை என்று காட்டும் எண்) சரிபார்த்ததையும் ரிப்போர்ட்டில் எழுதுங்கள்.

* * *

தமிழ் சம்பந்தப்பட்ட பக்குகளை நாம்தான் போட வேண்டும். திருத்துபவருக்குத் திரையில் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்லத் தெரியாது.

'கொ உடைந்து தெரிகிறது' என்று படம் மட்டும் போட்டால் நகராது. கொ-வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வுக்குப் பின் ொ என்ற ஒரே குறி, அல்லது ெ, ா என்ற இரண்டு குறிகள். யூனிகோடில் இரண்டும் சமம், இரண்டும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். ஒன்றில் மட்டும் உடைகிறது என்றால் அதை அப்படியே எழுதுங்கள். உடைந்த உரையை எழுத்தாகவே ஒட்டுங்கள். எஃப்சி-மேட்ச் கட்டளைக்குத் தமிழ் மொழிக் குறியைக் கொடுத்து, எந்த எழுத்துரு வருகிறது என்பதையும் சேருங்கள். பாதி நேரம் எழுத்துரு மாறியிருப்பதுதான் கதை.

கௌ இன்னொரு பொறி. ள எழுத்தைப் போட்டு 'கெள' என்று அடித்தவர், தேடலில் சொல் கிடைக்கவில்லை என்று தேடல் மேல் பக் போடுவார். அது வேறு எழுத்துகளின் வரிசை, தேடல் சரியாகத்தான் இருக்கிறது. க்னோம் டெர்மினலில் தமிழ் கலைந்து தெரிவதும் புதிதில்லை. அதன் அடியில் உள்ள விடிஇ லைப்ரரி சிக்கலான எழுத்துகளைக் கோத்துக் காட்டுவதில்லை. பழைய ரிப்போர்ட்டே இருக்கிறது, அதில் 'எனக்கும் இதே' அழுத்தினால் போதும்.

தமிழ்99 உள்ளீடு தகராறு செய்தால், அது ஐபஸ் (உள்ளீட்டு மென்பொருள்) வழியா எக்ஸ்கேபி (விசைப்பலகை அமைப்பு) வழியா என்று முதலில் சொல்லுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிப் பெயரோடு பட்டியலில் நிற்கும், உள்ளே வெவ்வேறு வழி. அடுத்தது, அந்தச் செயலி வேலண்டில் (புதிய திரைக்காட்சி முறையில்) நேராக ஓடுகிறதா, எக்ஸ்வேலண்ட் (பழைய எக்ஸ் முறைச் செயலிகளுக்கான பாலம்) வழியாகவா? மவுஸைப் பார்க்கும் இரண்டு கண்களைக் காட்டும் எக்ஸ்ஐஸைத் திறந்து வைத்து மவுஸைச் செயலியின் மேல் ஓட்டுங்கள். கண்கள் பின்தொடர்ந்தால் எக்ஸ்வேலண்ட், அசையாமல் நின்றால் வேலண்ட். உபுண்டு 25.10-இலிருந்து (2025 அக்டோபர்) க்னோமில் பழைய எக்ஸ்.ஆர்க் செஷனே கிடையாது, ஆகவே 'எக்ஸ்-இல் போய்ப் பாருங்கள்' என்ற பழைய யோசனை இனி உதவாது.

* * *

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணுக்குத் தெரிய உடைந்ததைப் பற்றித்தான். சத்தமில்லாமல் தப்பு செய்வதைப் பிடிக்க ஆப்போர்ட் வராது. 25.10-இல் கோர்யூட்டில்ஸை (அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பை) ரஸ்ட் என்ற நிரல் மொழியில் எழுதியதாக மாற்றினார்கள். அதில் டேட் கட்டளைக்கு மைனஸ் ஆர் கொடுத்து ஒரு கோப்பைக் காட்டினால், கோப்பு கடைசியாக மாறிய நேரத்துக்குப் பதிலாக இப்போதைய நேரத்தைச் சொன்னது. பிழைச் செய்தி ஏதும் இல்லை. 'இப்போதுதானே பார்த்தோம்' என்று கணக்குப் போட்டுத் தானியங்கி அப்டேட் சோதனை ஓடாமலே இருந்தது. வெளியீட்டுக்குப் பிறகுதான் தெரிய வந்தது. இப்படிப்பட்டதைப் பிடிக்கப் பழைய பதிப்பையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒரே கட்டளையின் விடையை ஒப்பிடுவதுதான் வழி.

2024 மார்ச் 29 அன்று கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் லைப்ரரியில் இருந்த கள்ளக்கதவை மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் வெளிப்படுத்தினார். உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனின் வெளிவராத கிளையில் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமானதுதான் துப்பு. உபுண்டு 24.04 பீட்டா அதனால் ஒரு வாரம் தள்ளிப்போய் ஏப்ரல் 11-க்கு வந்தது. பாதுகாப்பு சம்பந்தம் என்று சந்தேகம் வந்தால் லாஞ்ச்பேடில் 'பிரைவேட் செக்யூரிட்டி' என்று தேர்ந்தெடுங்கள், பொதுவில் கொட்டாதீர்கள்.

போட்டுவிட்டுப் போய்விடவும் கூடாது. கேள்வி கேட்டு 'இன்கம்ப்ளீட்' என்று மாற்றியிருந்தால், பதில் வராமல் 60 நாள் போனால் பக் தானாகக் காலாவதியாகும். வெளியீட்டுக்குப் பின் திருத்தம் 'ப்ரபோஸ்டு'வுக்கு வந்து 'வெரிஃபிகேஷன்-நீடட்' டேக் விழுந்தால், அந்த ஒரு பேக்கேஜை மட்டும் அங்கிருந்து போடுங்கள். பழைய பதிப்பில் பக் வந்த அதே படிகளைத் திரும்பச் செய்து, சோதித்த பதிப்பு எண்ணை எழுதி, டேகை 'டன்' என்று மாற்றுங்கள். குறைந்தது 7 நாள் அங்கே கிடக்கும். யாரும் சோதிக்காவிட்டால் அதற்கு மேலும் கிடக்கும்.