மறு: 'கோதுமை ஒவ்வாமை' வேண்டாம், இரும்பேறாச் சோகை

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையில், கோதுமை போன்ற சில தானியங்களால் குடல் கெடும் சீலியாக் நோய்க்குத் தமிழ்ப் பெயராகக் 'கோதுமை ஒவ்வாமை' என்ற சொல்லே போதும் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தச் சொல் எங்கள் வீட்டில் நான்கு மாதங்களை விழுங்கியது.

மன்னார்குடிப் பக்கம் இருக்கும் என் அக்காவுக்கு இரண்டு ஆண்டுகளாகச் சோகை. மாத்திரை, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் எல்லாம் கொடுத்தும் ஹீமோகுளோபின் 8-ஐத் தாண்டவில்லை. கடைசியில் முன்சிறுகுடலில் சிறு துணுக்கு எடுத்துச் சோதித்துச் சீலியாக் என்றார்கள். கையில் கொடுத்த சீட்டில் தமிழில் இருந்தது 'கோதுமை ஒவ்வாமை' மட்டும்தான். சப்பாத்தியையும் ரவையையும் நிறுத்தினோம். கால் வீக்கத்துக்கென்று அம்மா காலைதோறும் பார்லிக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ரசத்தில் கூட்டுப் பெருங்காயமும் தவறாமல் விழுந்தது. அந்த டப்பாவின் பின்புறம் பொடி எழுத்தில் 'மைதா' என்று இருந்ததை நான்காம் மாதம்தான் படித்தேன்.

குடலைக் கெடுப்பது பசையம், அதாவது குளூட்டன் என்னும் புரதம். அது கோதுமையில் மட்டுமல்ல, பார்லியிலும் ரை என்னும் தானியத்திலும் இருக்கிறது. பார்லிக்கு வாற்கோதுமை என்றே தமிழில் பெயர் உண்டு. அடுக்களையில் அது யாருக்கு நினைவு வரும்? மேலும் இது ஒவ்வாமையே அன்று. உடலின் எதிர்ப்பாற்றல் தன் குடலையே தாக்கி, சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண்முனைகளான குடலுறிஞ்சிகளைத் தேய்த்துவிடுகிறது. ஆகவே 'பசையக் குடல்தேய்வு' என்பது என் பரிந்துரை. 'தேய்மானம்' என்று சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. மூட்டுத் தேய்மானம் என்றால் இனித் திரும்பாது என்றே நம் மக்கள் எடுத்துக்கொள்வார்கள். இந்தக் குடலோ பசையத்தை அறவே விலக்கினால் பெரும்பாலும் மெல்ல மீளும். தேய்பிறைக்கு வளர்பிறை உண்டல்லவா, அந்தத் தேய்வு.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது சோகையின் பெயர். 'இரும்புச்சத்துக் குறைபாடு' என்றதும் வீட்டார் காதில் விழுவது, 'இவள் சரியாகச் சாப்பிடுவதில்லை' என்பதுதான். அக்கா அந்தப் பேச்சை இரண்டு ஆண்டுகள் கேட்டாள். இரும்பு பெரும்பாலும் உறிஞ்சப்படும் இடம் முன்சிறுகுடல். இந்த நோய் தாக்குவதும் அந்த இடத்தையே. வயிற்றுப்போக்கு எதுவும் இல்லாமல் சோகை மட்டுமே அறிகுறியாக நிற்பதும் உண்டு. அம்மா அன்றே சரியாகச் சொன்னார்: "தின்பது உடம்பில் ஏறவில்லை." மேட்டூர் திறந்தும் கடைமடை வயலில் தண்ணீர் ஏறவில்லை என்று எங்கள் ஊரில் சொல்வதும் இதே 'ஏறு' என்ற வினைச்சொல்லால்தான். வாய்க்கால் தூர்ந்திருக்கும்போது அணையைப் பார்த்து என்ன பயன்?

அதனால் 'இரும்பேறாச் சோகை'. 'செல்லாக்காசு' என்ற சொல்லைப் போலவே அமைந்ததால் இலக்கணத்திலும் இடறல் இல்லை. மாத்திரைக்கு மசியாத சோகைக்கு இந்தப் பெயரை எழுதினால், ஏன் ஏறவில்லை என்று அடுத்த கேள்வி தானே வரும். பசையக் குடல்தேய்வுக்கான இரத்தச் சோதனையும் அப்போது நினைவுக்கு வரும். சோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் நோய் பிடிபடாமல் போகலாம்.

இரும்பை இரத்தக்குழாய் வழியே செலுத்தினால் ஏறுகிறதே, பிறகு எப்படி 'ஏறா' என்று ஒருவர் கேட்கலாம். வாயால் உண்டது ஏறாததால்தானே அக்காவுக்கு ஊசியில் ஏற்றினார்கள்.