புதுப்பிப்பு: ரம்பை இலை ஐஸ்கிரீம், இரண்டாம் சுற்று

போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன். ரம்பை இலையை (பாண்டன் என்கிற வாசனை இலை) பாலில் அரைத்துச் செய்த ஐஸ்கிரீமில் பச்சைப்புல் வாடை, கசப்பு, போதாக்குறைக்குப் பல்லில் நறநறவென்று ஐஸ். “அரைக்காதீர்கள், ஊற வையுங்கள்” என்று சிலர் சொன்னீர்கள். சரி, அப்படியே செய்தேன்.

தொட்டியிலிருந்து 8 இலை பறித்து ஒரு நாள் நிழலில் வாட விட்டேன். பறித்த கையோடு முகர்ந்தால் ஒன்றுமில்லை. வாடியதும்தான் பாஸ்மதி வாசம் எழுந்தது. (பாஸ்மதியிலும் இதிலும் மணம் தருவது ஒரே சேர்மம்தான்.) இலைகளைக் கிழித்து முடிச்சிட்டு 300 மி.லி. கிரீமில் போட்டு, ஓரத்தில் குமிழி கட்டியதும் அடுப்பை அணைத்து, அரை மணி நேரம் மூடி வைத்தேன். அப்புறம் இலைகளைப் பிழியாமல் எடுத்துவிட்டு, கிரீம் மட்டும் இரவு முழுக்க ஃபிரிட்ஜில். காலையில் நுரைக்க அடித்து, 200 கிராம் கன்டென்ஸ்டு மில்க், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து ஃப்ரீசரில் 8 மணி நேரம்.

போன முறை ஐஸ் கட்டியதற்குக் காரணமும் பிடிபட்டது. நான் வாங்கியது 25% கொழுப்புள்ள கிரீம். அதை எவ்வளவு அடித்தாலும் நுரைக்காது, 35% வேண்டும். இது தெரியாமல் கிரீம் அடிக்கும் பீட்டர் மெஷினைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த முறை கரண்டி வழுக்கிக்கொண்டு இறங்கியது. கசப்பே இல்லை. நிறம்தான் வெளிறிய தந்தம், “வெனிலாவா?” என்று கேட்ட மகள் ஒரு வாய் வைத்துவிட்டு, “பாயசம் மாதிரி இருக்கு” என்றாள். அடுத்து வெற்றிலை. கும்பகோணத்துக் கொழுந்து சொல்லி வைத்திருக்கிறேன்.