சாஃப்ட்பால்: சின்னப் பிள்ளைங்களுக்கு விண்ட்மில் பிட்சிங் சொல்லிக் கொடுத்தவங்க அனுபவத்தை எழுதுங்க

லாஸ்பேட்டைக்காரன்

ரொம்ப நாளா உறுத்துற விஷயம். விண்ட்மில் பிட்சிங்னா கையை முழு வட்டமா சுத்தி, இடுப்போரம் கீழேருந்து பந்தை வீசுறது. இங்க யாராவது பிட்சிங் சொல்லிக் கொடுத்திருந்தா படிச்சுட்டு பதில் போடுங்க.

ஹெலிபேட் மைதானம், சாயங்கால நேரம். அஞ்சாவது படிக்கிற பொண்ணு. கையை வேகமா சுத்துவா, ஆனா பந்தை எங்க விடணும்னு பிடிபடல. உச்சியிலேயே விட்டா பந்து பின்னாடி செகண்ட் பேஸ் பக்கம் போயிடும். கை கீழ வர்றதுக்கு முன்னாடி விட்டா காலடியில குத்தும். கொஞ்சம் தாமதிச்சா வானத்துக்கு. "இடுப்புகிட்ட விடும்மா"ன்னு நானும் சொல்லிக்கிட்டே இருந்தேன். கை சுத்துற வேகத்துல அந்த வயசுக்கு இடுப்பு எங்க இருக்குன்னே தெரியாது.

ஒரு நாள் ஸ்கூல் யூனிஃபார்மோட அப்படியே வந்துட்டா. வலது பக்க பாக்கெட்ல பஸ்ஸுக்கு வெச்சிருந்த சில்லறை. ஒரு சுத்துல முன்கை அந்தப் பாக்கெட்டை உரசிச்சு, காசு ஜல்லுனு சத்தம் போட்டுச்சு, பந்து நேரா கேட்சர் கிளவுஸ்ல போய் விழுந்துச்சு. பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தா. "சார், காசு சத்தம் கேட்டா பந்து நேரா போகுது"ன்னா. அதுக்கப்புறம் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கல. சத்தம் வராத பந்துக்கு அவளே தலையை ஆட்டிட்டு அடுத்ததுக்குக் கை நீட்டுவா.

சில மாசம் கழிச்சு ஒரு செலக்‌ஷன். அங்க நின்ன ஒருத்தர், "முடிக்கும்போது முழங்கை கேட்சரைப் பார்க்கணும், கை தோள்கிட்ட வரணும்"னு சத்தம் போட்டார். அடுத்த பந்து கேட்சருக்குப் பின்னாடி இருக்கிற பேக்ஸ்டாப் வலைக்கு மேல. அதுக்கு அடுத்ததும் அப்படியே. பொண்ணு திரும்பி என்னைப் பார்த்தா. நான் கோட்டுக்கு வெளியே நிக்கிறேன், உள்ள பேச முடியாது. அந்தப் பார்வை இன்னும் போகல. முழங்கையைத் தூக்கச் சொல்றது சரியா?

மஞ்சக்குப்பம் அம்மா

எனக்கு விளையாட்டு விதியெல்லாம் அவ்வளவு தெரியாது தம்பி. என் பொண்ணுக்கு அவ அப்பாதான் சொல்லிக் கொடுத்தார், தேவனாம்பட்டினம் பீச்சுல, காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி. அலை வந்து போன ஈர மணல்ல நிக்க வைப்பார். வீசும்போது பின்னங்கால் பெருவிரலை இழுத்துக்கிட்டே வரணுமாம். மணல்ல அது அப்படியே கோடாத் தெரியும். கோடு நேரா இருந்தா பந்து அப்பா கிளவுஸுக்குப் போகும், கோணினா பந்தும் கோணும். அவளே குனிஞ்சு கோட்டைப் பார்த்துட்டு நகர்ந்து நிப்பா.

ஒரு நாள் மீன் கூடையோட போன ஒரு அம்மா நின்னு பார்த்துட்டு, "ஏன் கண்ணு, கால் வலிக்குதா, இழுத்து இழுத்து நடக்குற?"ன்னு பாசமாத்தான் கேட்டாங்க. அன்னையிலேருந்து ஆள் பார்த்தா காலை இழுக்க மாட்டா. தூக்கி வெச்சுடுவா, பந்து எங்கேயோ போகும். ஆள் நடமாட்டம் இல்லாதப்ப மட்டும் கோடு நேரா வரும். மேட்ச்னா சுத்தி நூறு பேர் நிப்பாங்களே. இதுக்கு என்ன செய்யறதுன்னு எங்களுக்குப் புரியவே இல்ல.

வில்லியனூர் பிஇடி

அம்மா, மணல்ல பழக்காதீங்க. கால் புதையும். பந்து வீசறவ கால் வெச்சு நிக்கிற பிட்சர் பிளேட்டை உதைச்சுக் கிளம்புற பலம் மணல்ல வராது, கணுக்காலும் பிசகும். தோல் பந்து ஈரம் குடிச்சா கனத்துடும், தையல் விட்டுப் போகும். வீட்டு வாசல்ல சாக்பீஸ்ல கோடு போட்டு, அது மேலயே கால் வரணும்னு சொல்லுங்க. தெருவுல நாலு பேர் பார்க்கத்தான் செய்வாங்க, கூச்சமும் அங்கேயே போயிடும்.

லாஸ்பேட்டை தம்பிக்கு: முழங்கையைத் தூக்கி முடிக்கிறது நாங்க எல்லாரும் கத்துக்கிட்ட முறை. அதுல வீசி ஜெயிச்சவங்க நிறைய பேர். அவரைக் குறை சொல்லாதீங்க.

இங்க பெரிய தப்பு வேற இடத்துல நடக்குது. பந்து வீசற இடத்துக்கும் பேட் பண்ற இடத்துக்கும் நடுவுல பெரிய பெண்களுக்கான தூரம் 43 அடி, அதாவது 13.11 மீட்டர். அமெரிக்காவுலயே 10 வயசுக்குக் கீழ 35 அடிதான், 12 வயசுக்குக் கீழ 40. பந்தும் சின்னவங்களுக்கு 11 இன்ச் சுற்றளவு. நம்ம ஊர்ல முதல் நாளே 12 இன்ச் பந்தைக் கையில குடுத்து முழு தூரத்துல நிறுத்திடறாங்க. பிள்ளைக்கு விரல் எட்டாது, உள்ளங்கையில அழுத்திப் பிடிக்கும். பந்து போய்ச் சேரணுமேன்னு இடுப்பை மடக்கி முன்னாடி விழும். அப்படி ஒரு பொண்ணைப் பார்த்தேன், பந்தை விடும்போது நெத்தி முழங்காலுக்கு வந்துடும். அந்தப் பழக்கத்தை மாத்த நான் பட்ட பாடு கொஞ்சமில்ல.

சுவத்துக்கு முன்னாடி பத்தடியில நிக்க வையுங்க. பழைய சாக்ஸை உருட்டி வீசச் சொல்லுங்க, கண்ணாடி உடையாது, அக்கம்பக்கத்துல சண்டை வராது. பந்து எங்க போகுதுன்னு முதல்ல பார்க்கவே வேணாம். பக்கவாட்டுல திரும்பி நின்னு, கையைப் பின்னாடியிலேருந்து தளர்வா இறக்கி, இடுப்போரம் விடுறது மட்டும். அது உடம்புல ஊறின பிறகு முழுச் சுத்து. அப்புறம் ஒவ்வொரு எட்டா பின்னாடி போகலாம். வேகம் கடைசியில தானா வரும்.

முத்தியால்பேட்டை பேரன்

எங்க தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவர். பென்ஷன் வாங்கி ஊருக்கு வந்ததிலேருந்து சாயங்காலம் ஆனா பெத்தாங்க்தான், இரும்புக் குண்டைக் கீழேருந்து வீசி ஆடற பிரெஞ்சு விளையாட்டு. என் தங்கச்சி பிட்சிங் பழகுறதைப் பார்த்துட்டு, "கீழேருந்து வீசுறதுதானே, நான் சொல்லித் தரேன்"னு உட்கார்ந்துட்டார். பெத்தாங்க்ல உள்ளங்கை தரையைப் பார்க்கும், குண்டு பின்சுழலோட போய் விழுந்த இடத்துல நிக்கும். அந்தக் குண்டு 650 கிராமுக்குக் குறையாது, சாஃப்ட்பால் 200 கிராம் கூட இல்ல. தங்கச்சி அவர் சொன்னபடி வீசினா பந்து மெதுவா மிதந்து வரும். நானே பேட்டை எடுத்து ஆடற அளவுக்கு.

தாத்தாவுக்குக் கோபம். கிட்ட வந்து அவ மணிக்கட்டைப் பிடிச்சுத் திருப்பிப் பார்த்தார், அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: "உங்க வாத்தியார் முழங்கை முழங்கைன்னு சொல்றாரே, அப்ப பந்து எங்க இருக்கும்?" "போயிட்டிருக்கும் தாத்தா." "போன பந்துக்கு முழங்கை எதுக்கு?"

பிஇடி சார், இதுக்கு நீங்க பதில் சொல்லணும். கை கடைசியில எங்க நிக்குதுங்கறது முன்னாடி நடந்ததோட விளைவுதானே? உலகத் தரத்துல வீசறவங்களை ஸ்லோ மோஷன்ல பாருங்க. முன்கை இடுப்போரம் உரசி, அந்த நொடியில உள்பக்கம் திரும்புது, அப்புறம் கை தளர்ந்து உடம்புக்குக் குறுக்கே போகுது. முழங்கையைத் தூக்கணும்னு நினைச்சுக்கிட்டே வீசுற பிள்ளை பந்தை விடறதுக்கு முன்னாடியே இழுக்க ஆரம்பிச்சுடும். லாஸ்பேட்டை அண்ணே சொன்ன பொண்ணுக்கு பந்து வலைக்கு மேல போனது அதனாலதான்.

கெடிலக்கரை

முழங்கை சண்டை இருக்கட்டும். தோளைப் பத்தி யாருமே எழுதலையே.

கடலூர் அண்ணா ஸ்டேடியம், ஸ்கூல் மேட்ச். ஒரு டீமுக்கு ஒரே பிட்சர். காலையில முழு மேட்ச் வீசினா. மத்தியானம் இன்னொண்ணு இருக்கு. இடையில எல்லாரும் வேப்பமர நிழல்ல உட்கார்ந்து பொட்டலம் பிரிச்சாங்க. அந்தப் பொண்ணு இடது கையால சாம்பார் சாதம் சாப்பிடறா. கூட வந்த ஒரு பெரியம்மா, "சோத்துக் கையால சாப்பிடு, என்ன பழக்கம் இது"ன்னு அதட்டினாங்க. அவ வலது கையைத் தூக்கப் பார்த்தா. பாதி வழியில நின்னுடுச்சு. ஒண்ணும் பேசாம கையை மடியில வெச்சுக்கிட்டு சாதத்தையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தா. மத்தியானமும் அவளைத்தான் இறக்கினாங்க.

கீழேருந்து வீசுறதுல தோளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு நம்பிக்கை சுத்திட்டே இருக்கு. தப்பு. கை முழுசா சுத்தி வந்து சட்டுனு நிக்கும்போது தோளோட முன்பக்கமும் புஜத் தசை நாணும்தான் அந்த இழுப்பைத் தாங்குது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ்ல ஜப்பானோட யுகிகோ உவெனோ 2 நாள்ல 413 பந்து வீசினதையும், ஃபைனல்ல அமெரிக்காவை 3-1ன்னு ஜெயிச்சதையும் பிள்ளைங்ககிட்ட சொல்லாத கோச் இல்ல. அவங்க வருஷக்கணக்கா உடம்பைப் பழக்கின பெரியவங்க. 11 வயசுப் பிள்ளைக்கு அதை உதாரணம் காட்டி மத்தியானமும் இறக்கக் கூடாது. டீமுக்கு ரெண்டு பிட்சராவது பழக்குங்க. யாருக்கு நல்லா வருதோ அவளை மட்டுமே பிடிச்சுக்கிட்டு மத்தவங்களை அவுட்ஃபீல்டுக்கு அனுப்பிடறோம், அங்கதான் இது ஆரம்பிக்குது.

வில்லியனூர் பிஇடி

கெடிலக்கரை சொல்றது நூத்துக்கு நூறு சரி. வலின்னு பிள்ளை சொன்னா அன்னைக்கு பந்தே கையில கொடுக்கக் கூடாது. சொல்லாத பிள்ளைகிட்ட நாமதான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

பேரனுக்கு: தாத்தா கேள்வி நல்ல கேள்வி. ஆனா கை எங்கேயாவது போகட்டும்னு விட்டா பாதிப் பிள்ளைங்க பந்தை விட்டதும் கையைச் சடார்னு நிறுத்திடும், அதுதான் தோளுக்குக் கெடுதல். கை ஓடி முடியணும், அதுக்காகத்தான் நாங்க ஒரு இடம் காட்டுறோம். முழங்கையை நான் விடமாட்டேன். செலக்‌ஷன் நடுவுல போய் அதைச் சொன்னது மட்டும் தப்பு, அதை ஒத்துக்கறேன். மஞ்சக்குப்பம் அம்மா, 11 இன்ச் பந்து வேணும்னா சொல்லுங்க, அடுத்து வாங்கும்போது சேர்த்து வாங்கிடறேன்.