முதல் வாடகை வீடு: கடன் வாங்கி இறங்கலாமா?

கேள்வி: கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. கடன் போட்டுச் சின்ன வீடு ஒன்று வாங்கி வாடகைக்கு விட யோசனை. வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்கிறார் தரகர். நம்பலாமா?

பதில்: அவர் 12 மாத வாடகையைக் கணக்குப் போட்டிருப்பார். இடையில் ஆள் இல்லாமல் வீடு காலியாகக் கிடக்கலாம்; அதனால் நீங்கள் 10 மாதத்துக்குப் போடுங்கள். வரி, காப்பீடு, பராமரிப்பு கழித்தும் தவணைக்கு மேல் மிஞ்சினால் சரி.

இன்னொரு பதில்: எனக்கு முதல் வருடமே அடி. குளியலறைச் சுவரில் உள்ளங்கை அளவு ஈரம்; பெயிண்ட்தானே என்று விட்டுவிட்டேன். உள்ளே குழாய் கசிந்திருக்கிறது. டைல்ஸைப் பெயர்த்து மாற்றியதில் நாலு மாத வாடகை போச்சு. பிளம்பரைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

கேட்டவர்: 10 மாதக் கணக்கில் துண்டு விழுகிறது. விலையைக் குறைப்பார்களா என்று கேட்கிறேன்.