‘ஃப்ரீமியம்’ – ‘திண்ணைக் கருவி’ எனலாமா?

காரைக்குடியிலிருந்து:

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வகுப்பறையில் பயன்படும் இணையக் கருவிகளைப் பற்றி ஆசிரியர்களுக்காக நான் எழுதிவரும் கையேட்டில் ஒரு சொல் தொடர்ந்து இடறுகிறது. தொடக்கத்தில் காசு கேட்காமல் உள்ளே விட்டு, ஓர் எல்லையைத் தொட்டதும் மாதச் சந்தா கேட்கிற கருவிகளை ஆங்கிலத்தில் ‘ஃப்ரீமியம்’ என்கிறார்கள். இதுவரை அவற்றையும் ‘இலவசக் கருவிகள்’ என்ற தலைப்பின் கீழேயே எழுதிவந்தேன். அது எவ்வளவு பெரிய பிழை என்பதைச் சென்ற பருவத்தில் ஓர் ஆசிரியை எனக்கு உணர்த்தினார்.

இங்கிருந்து சிறிது தொலைவில் உள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியில் அவர் சமூக அறிவியல் நடத்துகிறார். என் பயிற்சியில் கற்றுக்கொண்ட ஒரு பகிர்பலகையில் (பலர் சேர்ந்து எழுதும் இணையப் பலகையில்), ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அவரவர் ஊர் ஊருணியைப் பற்றி எழுதச் செய்திருந்தார். ஒரு பிள்ளை படித்துறையின் படிகளை எண்ணிப் போட்டிருந்தது, இன்னொரு பிள்ளை, குடிக்கத் தனி ஊருணியும் குளிக்கத் தனி ஊருணியும் இருந்ததைப் பாட்டியிடம் கேட்டு எழுதியிருந்தது, படங்களும் இருந்தன. பிறகு வேறு பாடங்களுக்காக இரண்டு பலகைகளைத் திறந்தார். நான்காவது பலகையைத் திறக்கப்போன இரவில் திரை டாலரில் ஒரு தொகையைக் கேட்டது. பழைய பலகை ஒன்றை நீக்கினால் புதியதற்கு இடம் கிடைக்கும் என்று அதே திரையில் சிறிய எழுத்தில் இருந்ததால், அவர் ஒன்றை நீக்கினார். போனது ஊருணிப் பலகை. மறுநாள் என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது அவர் கருவியைக் குறை சொல்லவில்லை. “இலவசம்னு போட்டிருந்தீங்களே சார், நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல” என்றார். அப்படிப் போட்டிருந்தவன் நான்.

ஆகவே நமக்கு வேண்டிய சொல், கருவியைத் தொடும் முன்பே ‘இதற்கு ஓர் எல்லை உண்டு’ என்று ஆசிரியருக்குச் சொல்லிவிட வேண்டும். அகராதியில் மட்டும் வாழும் சொல்லால் இந்தப் பயன் இல்லை.

ஒரு வகையில் தமிழுக்கு இங்கே வசதி அதிகம். ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல் விலையின்மையையும் விடுதலையையும் குறிப்பதால், யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் கூடிய இயங்குதளத்துக்கான குனு திட்டத்தை 1983-இல் அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன், தாம் சொல்வது விலையைப் பற்றியதன்று என்பதை விளக்கியே களைத்திருப்பார். நாம் ‘கட்டற்ற மென்பொருள்’ என்று எழுதத் தொடங்கியதும் அந்தக் குழப்பம் நமக்கு இல்லாமல் போயிற்று. இணையவழிப் பாடங்களுக்கான மூடிலையும் அலுவலகப் பணிகளுக்கான லிப்ரே ஆபீஸையும் கட்டற்றவை என்று சொன்னால் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை. நமக்குச் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: விலையில்லாதவை எல்லாவற்றையும் ‘இலவசம்’ என்ற ஒரே பையில் போட்டுவிடுகிறோம்.

ஃப்ரீமியத்தை அப்படியே ஒலிபெயர்த்துவிடலாம் என்று சென்ற வாரம் ஒரு நண்பர் எழுதியிருந்தார். அந்தச் சொல்லும் நம்முடையதைப் போன்ற ஒரு பொதுப் பேச்சில்தான் பிறந்தது: 2006-இல் அமெரிக்க முதலீட்டாளர் ஃப்ரெட் வில்சன் இந்த வணிக முறையைத் தம் வலைப்பதிவில் விவரித்துப் பெயர் கேட்டபோது, ஜாரிட் லூக்கின் என்பவர் ‘ஃப்ரீ’யையும் ‘பிரீமிய’த்தையும் ஒட்டவைத்துக் கொடுத்தார். ஆனால் நம் ஆசிரியர் அறையில் பிரீமியம் என்றால் ஆயுள் காப்பீட்டுத் தவணைதான். ஃப்ரீமியம் என்று நான் ஒரு முறை சொல்லிப் பார்த்தபோது, பிரீமியம் கட்டாத பாலிசியா என்று ஒருவர் உண்மையாகவே கேட்டார்.

குழுமத்தில் வந்த மற்ற சொற்களையும் பயிற்சியில் சொல்லிப் பார்த்தேன். ‘கட்டண மேம்பாட்டு இலவசச் சேவை’ என்பது பொருளில் சரி. ஆனால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் பாடவேளை மணி அடித்துவிடும். ‘தூண்டில் இலவசம்’ கேட்டவுடன் புரிகிறது. எனினும் கலைச்சொல்லுக்குள் தீர்ப்பை வைப்பது எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் முன்கூட்டியே எல்லையைத் தெளிவாகச் சொல்லிவிடும் நாணயமான கருவிகளும் இந்த வகையில் இருக்கின்றன. ‘படியிலவசம்’ என்றதும் எல்லோருக்கும் அகவிலைப்படி நினைவுக்கு வந்து பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. ‘கொசுறு’ எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் அது தலைகீழ்: காய் வாங்கி முடித்த பிறகு கிடைக்கும் கறிவேப்பிலைதான் கொசுறு; இங்கே கறிவேப்பிலையை முதலில் கொடுத்துவிட்டுக் காயை வாங்கச் சொல்கிறார்கள்.

என் முன்மொழிவு ‘திண்ணைக் கருவி’.

செட்டிநாட்டு வீட்டைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை, பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தெருவிலிருந்து ஏறியதும் இருபுறமும் உயர்ந்த திண்ணை. வழிப்போக்கர் உட்காரலாம், வெயில் தாழும் வரை படுத்தும் இருக்கலாம். யாரும் எழுப்ப மாட்டார்கள். கணக்குவழக்குப் பேச வந்தவர்களின் பேச்சும் பெரும்பாலும் வெளிப்பகுதியிலேயே முடியும். திண்ணைக்கு நடுவே செதுக்கு வேலை நிறைந்த தேக்கு நிலைவாசல். அதற்கு உள்ளேதான் வளவு என்னும் நடுமுற்றம், அதைச் சுற்றிப் புள்ளிக்கு, அதாவது மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஓர் அறை, அதற்கும் பின்னே இரண்டாம் கட்டு, அடுப்படி. முன்வாசலும் பின்வாசலும் ஒரே நேர்கோட்டில் இருப்பதால், திண்ணையில் இருந்தபடியே பின்கட்டு வரை பார்க்க முடியும். பார்க்க முடியும், போக முடியாது. நம் கருவிகளின் திரையில் சாம்பல் நிறத்தில் மங்கலாக, பக்கத்தில் சிறு பூட்டுப் படத்துடன் தெரியும் பொத்தான்கள் இதே ஏற்பாடுதான்.

திண்ணைக் கருவி என்று வைத்துக்கொண்டால், எல்லைக்கும் சொல் தானாகவே கிடைக்கிறது: நிலைவாசல். ‘இந்தக் கருவிக்கு நிலைவாசல் எது?’ என்று கேட்கப் பழக்கிவிட்டால் பயிற்சியில் பாதி முடிந்தது. ஏனென்றால் அது கருவிக்குக் கருவி மாறுகிறது: ஒன்றில் பலகைகளின் எண்ணிக்கை, இன்னொன்றில் ஒரே நேரத்தில் சேரும் மாணவர் எண்ணிக்கை, வேறொன்றில் விடைகளைத் தரவிறக்கும் வசதி. ஸூமின் விலையில்லாக் கணக்கில் அது 40 நிமிடம். 45 நிமிடப் பாடவேளையில், ஆசிரியர் வீட்டுப்பாடம் சொல்லப்போகும் நேரத்தில் சரியாகக் கதவு சாத்தும்.

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

சென்னையிலிருந்து:

முன்மொழிவு சுவையாக இருக்கிறது. அதனாலேயே ஐயமும் வருகிறது. உருவகம் கலைச்சொல்லாக முடியுமா? ‘திண்ணைப் பேச்சு’, ‘திண்ணைப் பிரச்சாரம்’, ‘திண்ணைதூங்கி’ என்று அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே பல வேலைகள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகத் திண்ணைப் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஆசிரியர்களிடம் போய்த் திண்ணைக் கருவி என்றால், பள்ளிக்கூடத்துக்கென்றே செய்த கருவி என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா? அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்த இளம் ஆசிரியருக்குத் திண்ணையே அகராதிச் சொல்தான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ‘பகுதியிலவசம்’ என்று நேராகச் சொல்லிவிடுவதில் என்ன குறை?

யாழ்ப்பாணத்திலிருந்து:

இரண்டு குறிப்புகள். முதலாவது, ‘இலவசம்’ என்ற சொல்லைப் பற்றியது. தமிழ்நாட்டில் அந்தச் சொல்லின் மேல் அரசியல் தூசி படிந்துவிட்டதால், அரசே மிதிவண்டிக்கும் மடிக்கணினிக்கும் ‘விலையில்லா’ என்று எழுதுவதைக் காண்கிறேன். எங்களுக்கு அப்படியில்லை. 1945 முதல் இங்கே நடைமுறையில் உள்ளது இலவசக் கல்வி. அது மக்களின் உரிமையைச் சொல்லும் சொல். ஆகவே முழுமையாகவும் நிபந்தனையின்றியும் கிடைப்பதற்கு ‘இலவசம்’ என்பதையே வைத்துக்கொள்ளுங்கள். அதை ஏமாற்றுச் சொல்லாக்கிவிட வேண்டாம்.

இரண்டாவது, திண்ணை. பருத்தித்துறையில் வீதிக்கு மேலே கூரை வேய்ந்த தெருமூடி மடம் இருக்கிறது. இருபுறமும் கல்திண்ணைகள், நடுவே பாதை. அங்கே வழிப்போக்கருக்காகக் கட்டப்பட்டது திண்ணை மட்டுமே. உள்ளே போக வேறு கதவும் இல்லை, கட்டணமும் இல்லை. அப்படியானால் திண்ணை என்ற சொல் தன்னளவில் எல்லையைக் குறிப்பதில்லை. வீட்டோடு சேர்ந்திருக்கும்போதே குறிக்கிறது. காரைக்குடி நண்பர் இதற்கு என்ன சொல்கிறார்?

காரைக்குடியிலிருந்து:

இருவருக்கும் நன்றி. யாழ்ப்பாண நண்பரின் இரண்டாவது குறிப்பு என்னை இரண்டு நாள் சும்மா இருக்க விடவில்லை.

முதலில் சென்னை நண்பருக்கு. சாளரம், கோப்பு, வலை, உலாவி, முகப்பு எல்லாம் உருவகங்கள்தாம்; பழகிவிட்டதால் உருவகம் என்பது கண்ணில் படுவதில்லை. முகப்பு என்பது எங்கள் வீடுகளில் இன்றும் முன்பகுதிக்குப் பெயர். இணையதளத்தின் முதற்பக்கத்துக்கும் அதுவே பெயராகி இத்தனை ஆண்டுகளில் யாரும் குழம்பவில்லை. ‘பகுதியிலவசம்’ முறையை விளக்கும் இடத்தில் நல்ல சொல். உரைநடையில் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் எந்தப் பகுதி என்ற கேள்வியை அது எழுப்புவதில்லை. நிலைவாசல் எங்கே என்ற கேள்வி திண்ணையோடு கூடவே வருகிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பற்றிய அச்சம் நியாயமானது, எனினும் அதுவும் என் பக்கமே சாய்கிறது: அங்கே உட்கார இடம்தான் சும்மா கிடைத்தது, வாத்தியாருக்குப் பிள்ளையின் வீட்டார் நெல்லோ காசோ கொடுத்தார்கள்.

தெருமூடி மடத்தைப் பற்றிய கருத்தை ஏற்கிறேன். திண்ணையை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால் சொல் பொய்க்கும். ஆனால் எங்கள் பக்கத்து நகரத்தார் காசியில் கட்டியது சத்திரம், சொந்த வீட்டின் முன் கட்டியது திண்ணை. இரண்டும் வந்தவருக்கு இடம் கொடுத்தன, இரண்டும் ஒன்றென்று யாரும் நினைக்கவில்லை. எனவே கையேட்டில் இப்படிப் பிரிக்கிறேன்: மூலநிரலோடும் அதை மாற்றிப் பகிரும் உரிமையோடும் கைக்கு வருபவை கட்டற்றவை, நிரல் வராவிட்டாலும் முழுமையாக விலையின்றிக் கிடைப்பவை, யாழ்ப்பாண நண்பர் கேட்டபடி, இலவசம், வீட்டோடு சேர்ந்தவை திண்ணைக் கருவிகள். ‘மடக் கருவி’ என்று ஒன்று சேர்க்கும் ஆசை எழுந்தது. படிப்பவர்கள் வேறு மாதிரிப் படித்துவிடுவார்கள் என்பதால் விட்டுவிட்டேன்.

இடையே ஒரு நண்பர் தனிமடலில், கூகுளின் இணைய வெண்பலகையான ஜாம்போர்டும் திண்ணைக் கருவியா என்று கேட்டிருந்தார். இல்லை. 2024 டிசம்பர் 31-உடன் அது அடியோடு மூடப்பட்டது. காசு கொடுத்தாலும் கிடைக்காது. திண்ணையோடு சேர்த்து வீட்டையே இடித்துவிட்டார்கள். எங்கள் ஊரில் அப்படி இடிபட்ட வீட்டுத் தூண்களையும் நிலைகளையும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளிலாவது வாங்க முடிகிறது. கருவிகள் மறைவதற்கு வேறொரு சொல் வேண்டும். அதைத் தனி இழையில் பேசலாம்.

கையேட்டில் அச்சாகப்போகும் வரையறை இதுதான்: ‘திண்ணைக் கருவி – குறிப்பிட்ட எல்லை வரை விலையின்றியும், அதற்கு மேல் கட்டணத்துடனும் கிடைக்கும் இணையக் கருவி, அந்த எல்லை அக்கருவியின் நிலைவாசல் எனப்படும்.’ கருவிப் பட்டியலில் ‘விலை’ என்றிருந்த கட்டத்தை அடித்துவிட்டு ‘நிலைவாசல்’ என்று மாற்றியிருக்கிறேன். எல்லைகள் அடிக்கடி மாறுவதால், பார்த்த தேதியும் பக்கத்தில் இருக்கும். அதற்கு அடுத்ததாக இன்னொரு கட்டம்: பிள்ளைகள் எழுதியதை வெளியே எடுத்து வைக்கும் வழி. ஊருணிப் பலகை போன பிறகு சேர்த்த கட்டம் அது.

அடுத்த சனிக்கிழமைப் பயிற்சியில் இந்தப் பக்கங்களைக் கொடுக்கிறேன். அந்த ஆசிரியையும் வருகிறார். ஆசிரியர்கள் வாயில் இந்தச் சொல் எப்படிச் சுருங்குகிறது என்பதைக் கேட்டு எழுதுகிறேன். ‘இது திண்ணை, பாத்து’ என்று மூன்று சொல்லோடு நிறுத்திக்கொள்வார்கள் என்பது என் ஊகம்.