ஆற்றில் விட்ட மீன் நிலைத்ததா என்று எதை வைத்துச் சொல்வது?

கெடிலக்கரை:
வணக்கம். ஊர் கடலூர், விலங்கியல் முதுகலை படிக்கிறேன். அழிந்துவரும் ஆற்று மீன்களை மீட்கும் திட்டம் முன்னேறுகிறதா என்று எப்படி மதிப்பிடுவது என்பதுதான் செமினார் தலைப்பு. எந்த அறிக்கையைப் புரட்டினாலும் இத்தனை ஆயிரம் குஞ்சு விட்டோம் என்பதோடு நின்றுவிடுகிறது. போன வருடம் எங்கள் பக்கம் ஒரு விழாவில் குஞ்சு விட்டதை நேரில் பார்த்தேன். பேச்சு முடியும்வரை பைகள் வெயிலிலேயே கிடந்தன, அவிழ்த்துக் கொட்டியபோது பாதிக்கு மேல் மல்லாந்துதான் மிதந்தது. அதையும் சேர்த்துத்தானே எண்ணியிருப்பார்கள்? வேறு எதை அளக்கலாம்?

பிச்சாவரம்2:
தம்பி, அமெரிக்காவின் மேல் கொலராடோ ஆற்றுத் திட்டத்தைப் படியுங்கள். 1988இல் தொடங்கியது, நான்கு மீன்களுக்காக. அந்நாட்டு மீன், வனவிலங்குத் துறை அவ்வப்போது உட்கார்ந்து ‘போதிய முன்னேற்றம் உண்டா’ என்று பார்க்கும், ஆற்றில் தண்ணீர் எடுப்பவர்களின் அனுமதியே அந்தப் பதிலில்தான் தொங்குகிறது, அதனால் ஒப்புக்கு எழுதிவிட்டுப் போக முடியாது. ஹம்ப்பேக் சப் என்ற மீன் 2021இல் ‘அழியும் ஆபத்தில் உள்ளது’ என்ற நிலையிலிருந்து ஒரு படி தேறி ‘அச்சுறுத்தலில் உள்ளது’ என்ற நிலைக்கு வந்தது, 33 வருடம் ஆகியிருக்கிறது பாருங்கள். அந்த நான்கில் இன்னொன்றான ரேசர்பேக் சக்கர் மீனின் கதைதான் உங்களுக்குத் தேவை. பண்ணையில் வளர்த்து, உடம்பில் நெல்மணி அளவு அடையாளச் சில்லு வைத்து விட்டார்கள், மறுபடி பிடிபட்டால் எந்த மீன் என்று தெரிந்துவிடும். விட்டது பிழைத்தது, முட்டையும் போட்டது, ஆனால் பொரித்த குஞ்சு ஆற்றிலேயே வளர்ந்து பெரிய மீனாவது அபூர்வம். குஞ்சு வளர வேண்டிய கரையோரத் தாழ்வுகளுக்குத் தண்ணீர் ஏறுவதில்லை, வெளியிலிருந்து வந்த மீன்கள் வேறு தின்றுவிடுகின்றன. அப்புறம்தான் ஆற்றில் குஞ்சு தென்பட்ட பிறகு, அந்தத் தாழ்வுகளுக்குத் தண்ணீர் ஏறும்படி ஃப்ளேமிங் கார்ஜ் அணையைத் திறந்து பார்க்கலாம் என்று இறங்கினார்கள்.

வில்லியனூர் தூண்டில்:
எனக்குப் படிப்பெல்லாம் கிடையாது, சங்கராபரணி ஆற்றில் சின்ன வயதிலிருந்து தூண்டில் போடுகிறேன், இப்போது மாட்டுவதில் பாதிக்கு மேல் ஜிலேபிக் கெண்டைதான். ஒன்று சொல்கிறேன். ஒரே சைஸாக மாட்டினால் அது யாரோ கொண்டுவந்து விட்ட மீன். விரல் நீளம், சாண் நீளம், முழ நீளம் என்று கலந்து மாட்டினால்தான் ஆறு தானே குஞ்சு பொரிக்கிறது என்று அர்த்தம்.

பிச்சாவரம்2:
அண்ணே, நாங்கள் கிராஃப் போட்டுச் சொல்வதை ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். கெடிலக்கரை தம்பி, எந்த மீனை விடுகிறோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காவிரியில் நீலத்துடுப்பு மசீரைப் பண்ணையில் பொரித்து ஏராளமாக விட்டார்கள், அது நன்றாகவே பெருகியது. அந்த ஆற்றுக்கே உரிய கூன்முதுகு மசீரோ குறைந்துகொண்டே போய், 2018இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் ‘மிக அருகியது’ என்று ஏறியது. விட்ட எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அதுவும் வெற்றித் திட்டம்தான்!

கெடிலக்கரை:
தலைப்பையே மாற்றிவிடலாம் போலிருக்கிறது. வில்லியனூர் அண்ணே, ஞாயிற்றுக்கிழமை ஒரு அளவுகோலோடு வரலாமா? மாட்டுவதையெல்லாம் அளந்து குறித்துக்கொள்கிறேன்.

வில்லியனூர் தூண்டில்:
வாப்பா. ஆனால் இந்த வாரம் வேண்டாம், தண்ணீர் கலங்கிக் கிடக்கிறது. அப்புறம் ஜிலேபியை மட்டும் திரும்ப ஆற்றில் விடச் சொல்லாதே, அது குழம்புக்கு.